முழுக் கண் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். "பவர் மட்டும் பாத்துச் சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் தினமும் உண்டு. சொட்டு மருந்து போடும் கட்டம் வந்ததும் "நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பதைச் சொல்லியிருக்கிறேன். எதற்குப் பின் எது என்பது இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்.

கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டரில் பார்த்துவிடுகிறார்களே, அது போதாதா?

கண்ணாடி வாங்க வேண்டுமானால் ஓரளவு உதவும். கண் நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதாது. தாடையை வைத்து உள்ளே ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லும் அந்தக் கருவி பவரைத் தோராயமாகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, நரம்பு எப்படி இருக்கிறது, விழித்திரையில் ரத்தக்கசிவு உண்டா என்றெல்லாம் அது சொல்லாது.

பார்வை நரம்பு மெல்லத் தேயும் கண் நீர் அழுத்த நோய் வந்தவர்களில் பலருக்குக் கடைசி வரி எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும். நோய் ஓரப் பார்வையை முதலில் தின்பதால் நேரே இருப்பது கடைசிவரை தெரிந்துகொண்டே இருக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை கெடத் தொடங்கும்போதும் வலியோ சிவப்போ மங்கலோ இருக்காது. இந்த இரண்டிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அதனால்தான் பவர் பார்த்ததோடு எழுந்து போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம்.

எத்தனை வயதில், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 40 வயதில் ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எப்போது வர வேண்டும் என்று அன்றைக்குப் பார்க்கும் மருத்துவரே சொல்வார். சர்க்கரை இருப்பவர்கள் கண்டிப்பாக வருடம் ஒருமுறை வர வேண்டும். நடுவயதில் வரும் வகையாக இருந்தால், சர்க்கரை என்று தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை செய்துவிட வேண்டும். தெரிய வருவதற்கு முன்பே பல வருடம் அது உடம்பில் இருந்திருக்கலாம். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் 40 வரை காத்திருக்காதீர்கள்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

இப்போது போடும் கண்ணாடி, பழைய கண்ணாடி, பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். "அது ஒடஞ்சு போச்சு" என்றாலும் உடைந்ததையே கொண்டுவாருங்கள், லென்ஸின் பவரை அதிலிருந்தே அளந்துவிடலாம். போட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்துப் பாட்டில், சாப்பிடும் மாத்திரை அட்டைகள், கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட் ஆகியவையும் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதைக் கழற்றி வைக்க டப்பாவையும் கொண்டுவர வேண்டும். நாங்கள் போடும் மஞ்சள் சாயம் மென்மையான லென்ஸில் ஏறிக்கொண்டால் போகாது.

கூட ஒருவர் வருவது நல்லது. பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக வராதீர்கள். கண்மை வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ரத்தம் எடுக்கப் போவதுபோல வெறும் வயிற்றில் வந்து, சர்க்கரை இறங்கி வரிசையில் மயங்கியவர்கள் இருக்கிறார்கள். கையில் இரண்டு பிஸ்கட்டாவது இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

அரை நாள் ஒதுக்கிவிடுங்கள். பரிசோதனைக்கு அவ்வளவு நேரம் ஆகாது, மருந்து வேலை செய்யக் காத்திருப்பதில்தான் பாதி நேரம் போகும்.

கண்ணைக் காட்ட வந்தால் உடம்பைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள்?

எல்லாம் கண்ணோடு சம்பந்தப்பட்டவைதான். காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும், நிறங்கள் வெளிறித் தெரிவது அதன் அறிகுறிகளில் ஒன்று. மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பல வருடம் சாப்பிடும்போது விழித்திரையைக் கண்காணிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குப் புரையும் வரலாம், அழுத்தமும் ஏறலாம். புராஸ்டேட்டுக்குப் போடும் டாம்சுலோசின் மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே தெரிந்தால்தான் புரை ஆபரேஷனை மருத்துவர் அதற்குத் தக்கபடி செய்ய முடியும். "கண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்துப் பலகையை எப்படிப் பார்ப்பார்?

தாராளமாகப் பார்க்கலாம். தமிழ் எழுத்துப் பலகை இருக்கிறது, எண் பலகை இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்றால் மூன்று கால் உள்ள ஒரு வடிவம் நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் பலகை உண்டு. கால்கள் மேலே, கீழே, எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். படிக்காதவர்கள் இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

6/6 என்றால், நல்ல கண் 6 மீட்டரில் பார்ப்பதை நீங்களும் 6 மீட்டரில் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் பார்க்கக்கூடிய பெரிய எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடிகிறது. கண்ணை இடுக்கிப் பார்க்காதீர்கள், அடுத்த கண்ணை விரலிடுக்கு வழியாகத் திறக்காதீர்கள். முன்னால் போனவர் படித்ததை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களும் உண்டு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், அந்தப் பதில்தான் எங்களுக்கு வேண்டும்.

இடையில் ஊசித்துளை போட்ட கறுப்புத் தகடு ஒன்றைக் கண் முன்னால் வைப்போம். அதன் வழியே இன்னும் இரண்டு வரி கூடுதலாகத் தெரிந்தால் கண்ணாடி போட்டாலே சரியாகிவிட வாய்ப்பு அதிகம். துளை வழியாகவும் அதே மங்கல்தான் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

"இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?" என்று மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் தப்பான கண்ணாடி வந்துவிடுமா?

இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது, சிலருக்கு வியர்த்தே விடுகிறது. பயப்பட வேண்டாம். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, கண்ணில் ஒரு கீற்று வெளிச்சத்தை மேலும் கீழும் ஆட்டி, உள்ளிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து உங்கள் பவரை ஏறக்குறையக் கண்டுபிடித்திருப்போம். அதன் பிறகு கேட்பதெல்லாம் நுணுக்கம் பார்க்கத்தான். ஒரே கேள்வியை லென்ஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்கிறோம், அதனால் ஒரு பதில் தவறினாலும் அடுத்ததில் தெரிந்துவிடும். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்பதும் சரியான பதிலே. பல நேரம் நாங்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்தைக் காட்டி எது கறுப்பாகத் தெரிகிறது என்று கேட்பதும் இதில் சேர்ந்ததுதான். பவர் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்பது அதில் பிடிபடும்.

கிட்டப் பார்வைக்கு வரும்போது உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பூக் கட்டுகிறவர், தையல் மெஷினில் உட்காருகிறவர், நாளெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் என்று ஆளுக்கு ஆள் தூரம் வேறு. 40-ஐத் தொட்டு வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இந்தத் தூரம் சரியாக அமையாவிட்டால் புதுக் கண்ணாடி பெட்டியிலேயே கிடக்கும்.

போன மாதம்தான் கண்ணாடி மாற்றினேன், அதற்குள் பவர் மாறிவிட்டது. ஏன்?

சர்க்கரை எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீரை உறிஞ்சி உப்புவதும் வற்றுவதுமாக இருக்கும், பவரும் கூடவே ஆடும். சில வாரம் சர்க்கரை நிலையாக இருந்த பிறகு கண்ணாடிக்கு எழுதி வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் காசுதான் நஷ்டம்.

கண்ணில் காற்று அடிக்கும் மெஷின் எதற்கு? வலிக்குமா?

வலிக்காது, திடுக்கிடும். கண்ணின் அழுத்தத்தை அளக்கும் ஒரு வழி அது. கருவிழியின் மேல் ஒரு சின்னக் காற்று பட்டதும் அது எவ்வளவு வளைகிறது என்று கருவி பார்க்கிறது. மூச்சைப் பிடிக்காதீர்கள், கண்ணை இறுக்காதீர்கள். இரண்டுமே அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். கழுத்தை இறுக்கும் காலர் பட்டனையும் கழற்றிவிடலாம்.

காற்றில் வந்த அளவு சந்தேகமாக இருந்தால் மருத்துவர் இன்னொரு முறையில் அளப்பார். மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் போட்டு, நீல வெளிச்சத்தோடு ஒரு சிறிய கூம்பைக் கருவிழியில் மெல்லத் தொடுவார். கூம்பு தொட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் கண்ணுக்குப் பச்சையாக இரண்டு அரை வட்டங்கள் தெரியும். ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே போய், இரண்டு வட்டங்களின் உள் விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிறுத்தி அளவை எடுப்பார். இதைத்தான் கண் மருத்துவத்தில் உரைகல்லாக வைத்திருக்கிறார்கள்.

சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் கூடாது, பதறவும் கூடாது. கருவிழி மெலிந்தவர்களுக்கு அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், தடித்தவர்களுக்குக் கூடுதலாகக் காட்டும். 16 இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணோரத்தில் ஊசி வைத்துத் தண்ணீர் விடுவார்களாமே?

எல்லோருக்கும் இல்லை. ஓயாமல் நீர் வடிகிறவர்களுக்கும், புரை ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கும் கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முனை மழுங்கிய ஊசி அது, குத்தாது. தொண்டையில் உப்புத் தண்ணீர் இறங்குவது தெரிந்தால் பாதை சரியாக இருக்கிறது.

கண்பாப்பா விரிய மருந்து போடாமல் பார்க்க முடியாதா? அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

பலரும் எழுந்து போவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்து போடாத கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாப்பா சட்டென்று சுருங்கிவிடும். அதன் வழியே விழித்திரையைப் பார்ப்பது சாவித் துவாரம் வழியாக வீட்டுக்குள் பார்ப்பது மாதிரி. நடுவில் இருப்பது கொஞ்சம் தெரியும், ஓரம் தெரியாது. சர்க்கரையால் வரும் ரத்தக்கசிவும், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழும் ஓட்டையும் அந்த ஓரங்களில் ஒளிந்திருக்கலாம்.

மருந்து முதலில் சுருக்கென்று எரியும், சில நொடியில் போய்விடும். கண்ணை மூடி உட்காருங்கள். பத்து நிமிடம் கழித்து சிஸ்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து இன்னொரு சொட்டு போடுவார். 20 முதல் 40 நிமிடத்தில் பாப்பா விரிந்துவிடும். சர்க்கரை பல வருடமாக உள்ளவர்களுக்கு விரிய இன்னும் நேரமாகலாம். அந்த நேரத்தில் போனை எடுத்தால் எழுத்து கலங்கும், கண் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். கிட்டப் பார்வையை அந்த மருந்து தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். மொத்தமும் 4 முதல் 6 மணி நேரத்தில் சரியாகும், சிலருக்கு மறுநாள் காலை வரை லேசாக இருக்கும். அதுவரை வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போட வேண்டிய பத்திர வேலை எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் இறங்கும்போது கறுப்புக் கண்ணாடியோ குடையோ இருந்தால் நல்லது.

யாருக்குப் போடக் கூடாது? கண்ணின் முன்பகுதி மிகவும் குறுகலாக இருப்பவர்களுக்குப் பாப்பா விரிந்தால் நீர் வெளியேறும் வழி அடைத்து அழுத்தம் திடீரென ஏறலாம். அதனால்தான் மருந்துக்கு முன்பே கருவியில் முன்பகுதியின் ஆழத்தைப் பார்த்துவிடுகிறோம். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மருந்தை மாற்றிப் போடுவார்கள்.

மருந்து போட்ட பிறகு மருத்துவர் என்ன பார்க்கிறார்?

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, "மேலே பாருங்க, கீழே, வலது பக்கம்" என்று எல்லாத் திசையிலும் பார்க்கச் சொல்வார். வெளிச்சம் கூசும். விளக்கை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் ஊதாவாகத் தெரியும், ஒரு நிமிடத்தில் போய்விடும்.

பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தின் நடுவில் ஒரு சிறு குழி உண்டு. அந்தக் குழி அகன்றுகொண்டே போனால் கண் அழுத்த நோய் என்று சந்தேகப்படுவார். ரத்தக் குழாய்களையும் பார்ப்பார். உடம்பில் கத்தி வைக்காமல் உள்ளிருக்கும் ரத்தக் குழாயை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடிய அரிய இடம் இது. ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் வந்து, விழித்திரையைப் பார்த்த மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட் எல்லாம் எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. பார்த்ததில் ஏதாவது சந்தேகம் வந்தால் மட்டும் எழுதுவார்கள். எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ஓசிடி ஸ்கேனில் கண்ணைத் தொடுவதில்லை, விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும். ஓரப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட்தான் பொறுமையைச் சோதிக்கும். நடுப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். ஏறக்குறையப் பாதி வெளிச்சம் தெரியவே தெரியாத அளவுக்கு மங்கலாகத்தான் வரும், கருவியின் அமைப்பே அப்படி. அதனால் மனம் தளராதீர்கள்.

குழந்தைக்கு எப்போது பார்க்க வேண்டும்?

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இன்னும் சீக்கிரமாக, 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. இந்தக் கெடு தவறினால் நிரந்தரமாகப் பார்வை போய்விடக்கூடும். குழந்தைகள் பிரிவிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது "கண் பாக்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

மற்றக் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தால் குழந்தை அடுத்த கண்ணாலேயே எல்லாவற்றையும் சமாளித்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. மங்கலான கண்ணை மூளை ஒதுக்கிவைத்து, அது சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும் நல்ல கண்ணை மூடும் ஒட்டும் கொடுத்தால் நன்றாகத் தேறுகிறது, வயது ஏற ஏறக் கடினம். மாறுகண்ணை "அதிர்ஷ்டம்" என்று விட்டுவைக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு வேறு மருந்து போட்டு, கிட்டப் பார்க்கக் கண் தானாகக் குவிவதைத் தளர்த்திய பிறகே சரியான பவர் தெரியும். சிலருக்கு அட்ரோபின் களிம்பை வீட்டில் மூன்று நாள் போட்டுவரச் சொல்வார்கள். அதன் விளைவு ஒன்றிரண்டு வாரம் இருக்கும், எனவே பரீட்சை நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். களிம்பு போட்டபின் குழந்தைக்கு முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே?

கண்ணாடியால் ஏறாது. வளரும் வயதில் கண்ணும் வளர்வதால் மைனஸ் ஏறுகிறது. கண்ணாடியைக் கழற்றிவைத்தாலும் ஏறத்தான் செய்யும், பாடம் மட்டும் தெரியாது.

புரை இருக்கிறது என்கிறார்கள். முற்றிப் பழுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாமா?

அது பழைய காலத்து ஆபரேஷனுக்குச் சொன்னது. இன்றைக்கு முற்ற முற்றத்தான் ஆபரேஷன் சிரமம். மிகவும் முற்றினால் உப்பி அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

செலவு செய்ய வசதி இல்லை. எங்கே போவது?

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, இன்றும் எல்லா ஊர்க்காரர்களும் வருகிறார்கள். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் இலவசப் பிரிவும் உண்டு, கிராமங்களுக்கு முகாமும் வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பார்வை பார்த்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. முகாமில் பார்த்தவர்கள் "பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சீட்டு கொடுத்தால் அதை மடித்துப் பையில் வைத்துவிடாமல் அந்த வாரமே போங்கள்.

கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு வாங்கிப் போடலாமா?

கூடாது. கடையில் கொடுக்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாளில் சிவப்பு போய் நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த நிம்மதிக்காக மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்து, அழுத்தம் ஏறி நரம்பு தேய்ந்து வரும் இளம் வயதுக்காரர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை. கருவிழியில் புண் இருந்தால் அதே சொட்டு அதைப் பெரிதாக்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். வயலில் நெல் தாளோ கதிரோ கண்ணில் பட்டால் அன்றைக்கே வாருங்கள். பூஞ்சைப் புண் வந்துவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு.

எதற்கெல்லாம் நேரம் வாங்காமல் உடனே வர வேண்டும்?

ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனால், வலி இல்லாவிட்டாலும். மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தால், கறுப்புப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்தால், ஓரத்தில் திரை இறங்குவது போல மறைத்தால். தலைவலி, வாந்தியோடு கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தால். கண்ணில் அடிபட்டால்.

சுண்ணாம்பு மட்டும் வேறு கணக்கு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடும் பிள்ளைகளின் கண்ணில் அது பீய்ச்சி அடிக்கிறது. அப்போது ஆட்டோவைத் தேடி ஓடாதீர்கள். அந்த இடத்திலேயே, குடத்துத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள், பிள்ளை எவ்வளவு அழுதாலும் சரி. இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரத்துணியின் நுனியால் எடுங்கள். அதன் பிறகு கிளம்பி வாருங்கள்.